திரும்பி வருபவருக்கு என்ன வாங்கலாம்? நிர்வாகிகளுக்கு ஒரு விரைவுக் கையேடு

வாழ்த்துகள். உங்கள் பிரஸ் ஷாப்பில் கையைக் கொடுத்த ஆபரேட்டர் தேறிவிட்டார். ஒரகடமோ ஓசூரோ கோவையோ, ஊர் எதுவானாலும் கதை ஒன்றுதான். வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை, மற்றபடி சுகம். வீட்டில் இருந்தவரை சம்பளத்தில் 90 சதவீதத்தை இஎஸ்ஐ கொடுத்து வந்தது. இப்போது ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செக்யூரிட்டி கேட்டில் நிற்கிறார். அவர் வேலை பார்க்க உதவியாக ஏதாவது கருவி வாங்கிக் கொடுங்கள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. மார்ச் மாதம் என்பதால் பணமும் ஒதுக்கிவிட்டார்கள்.

பதற வேண்டாம். கீழே உள்ளவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். மீதியையும் முறையாகச் செய்து முடித்துவிடுவோம்.

1. அவரிடம் கேட்காதீர்கள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவையெல்லாம் தானாக அமையும்.

பல வருஷம் அந்த மிஷின் முன்னால் நின்றவர் அவர். பாகம் எந்தப் பக்கம் விழும், எத்தனை தடவை குனிய வேண்டும், எந்தப் போல்ட் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால்தான் அவர் வாயைத் திறக்கவிடக் கூடாது. திறந்தால் இப்படி ஏதாவது சொல்லிவிடுவார்:

"சார், டிரேயை மட்டும் இடது பக்கம் மாத்தி வச்சுக் குடுங்க. வைஸை ஒரு நாலு இஞ்ச் தூக்கிப் போட்டாப் போதும் சார்."

நாலு இஞ்சுக்கு எப்படி பர்சேஸ் ஆர்டர் போடுவீர்கள்? மெயின்டெனன்ஸில் ஒருவர் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவார். ஒதுக்கிய பணம் அப்படியே திரும்பிப் போகும். அடுத்த வருஷம் கேட்டால் கிடைக்காது. "பாத்துக்கலாம்ப்பா, நீ முதல்ல உடம்பைப் பாரு" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டு ஒரு கமிட்டி போடுங்கள். சேஃப்டி ஆபீசர், பர்சேஸ், ஃபைனான்ஸ், கொடிசியா கண்காட்சியில் ஏதோ ஒரு ஸ்டாலில் காபி குடித்துவிட்டு கேட்லாக் வாங்கிவந்த எம்.டி.யின் மச்சான், எல்லோரையும் சேருங்கள். இவர்களில் யார் இதுவரை டூல் ரூமுக்குள் கால் வைக்கவில்லையோ அவரே கமிட்டித் தலைவர்.

2. சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தோடு ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று அது சொல்லும். கட்டைவிரல் 30. சுட்டுவிரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. அழகான, சண்டை சச்சரவுக்கு இடமில்லாத எண்கள்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் தனித்தனியாகப் போனால் கூட்டுத்தொகை 26. ஒரே கையில் இரண்டு விரல் என்று சேர்ந்தாற்போல் போனால் அதே அட்டவணையில் 20தான். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்கிற வியாபார தர்மம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. கருவி வாங்கும் நீங்கள் மட்டும் ஏன் தாராளமாக இருக்க வேண்டும்?

ஆகவே போர்டில் பெரிதாக எழுதுங்கள்: "20 சதவீதம்." மீதி 80 சதவீத ஆள் நம்மிடம் இருக்கிறார், 20 சதவீதத்துக்கு மட்டும் கருவி வாங்கினால் கணக்கு நேர். அந்த எண் இழப்பீடு கொடுப்பதற்காகப் போடப்பட்டது என்றும், அவர் மைக்ரோமீட்டர் பிடிப்பாரா சுத்தியல் பிடிப்பாரா என்று அதற்குத் தெரியாது என்றும் இஎஸ்ஐ டாக்டர் யாராவது விளக்க வந்தால், அவருக்கு டீ சொல்லுங்கள்.

3. 'லைட் டியூட்டி' கொடுங்கள்

லைட் என்றால் எடை குறைந்தது. இதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

மனிதக் கையில் வேலைப் பிரிவினை உண்டு. சுத்தியலை, லிவரை, வாளிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் கணிசமான பங்கு மோதிரவிரல், சுண்டுவிரல் பக்கத்திலிருந்து வருகிறது. வாஷரைப் பொறுக்குவது, திருகாணியைத் துளையில் வைப்பது, மைக்ரோமீட்டரின் திருகைப் பதமாகத் திருப்புவது போன்ற நுண்வேலை கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் கூட்டு. உங்கள் ஆள் இழந்தது பின்னதை. அதாவது, ஹாண்ட் பேலட் டிரக்கை இழுக்கச் சொன்னால் இழுத்துவிடுவார். நாலு எம்.எம். வாஷரைப் பொறுக்கச் சொன்னால் திண்டாடுவார்.

ஆகவே வாஷர் பொறுக்கும் வேலையைக் கொடுங்கள். அது லைட்.

ஏசி போட்ட இன்ஸ்பெக்ஷன் அறை, உட்கார நாற்காலி, முன்னால் சின்னச் சின்ன பாகங்கள், கையில் மைக்ரோமீட்டர். பார்க்கிறவர்கள் எல்லோரும் நிர்வாகத்தின் இரக்கத்தை மெச்சுவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பாகம் பார்க்க வேண்டிய இடத்தில் அவர் முந்நூறு பார்த்தால், ரிப்போர்ட்டில் இப்படி எழுதுங்கள்: "லைட் டியூட்டி கொடுத்தும் முன்னேற்றம் இல்லை."

4. பார்க்க லட்சணமானதை வாங்குங்கள்

இனிமேல்தான் கடை ஏறுகிறோம். சிலிக்கான் விரல் என்று ஒன்று உண்டு. நகம், ரேகை, தோலின் நிறம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அதை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் கையையே பார்க்க மாட்டார்கள் என்பதால் அதை விரும்புகிறவர்கள் உண்டு. அந்த விருப்பம் நியாயமானது, அவர்களுடையது. உங்கள் விருப்பம் வேறு. வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும்போது ஷாப் ஃப்ளோரில் ஒரு கையில் மூன்று விரல் தெரியக் கூடாது. ஆகவே வேலை நேரத்தில் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். அதற்குத் தொடு உணர்ச்சி கிடையாது, எண்ணெய் பட்டால் வழுக்கும் என்று அவர் முனகினால் மேலே கையுறை போடச் சொல்லுங்கள். அப்படியே டிரில்லிங் மிஷினுக்கு அனுப்புங்கள். சுழலும் ஸ்பிண்டிலில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், அங்கே கையுறையே ஆகாது என்று முதல் வருஷ ஐடிஐ மாணவனுக்கே தெரியும். கமிட்டியில் ஐடிஐ படித்தவர் யாரும் இல்லை என்பதை முன்பே உறுதி செய்துகொண்டோம்.

நாளை முழங்கைக்குக் கீழே கையை இழந்த ஒருவர் வருவார். அவருக்கு வாட்ஸாப்பில் வந்த பயோனிக் கை வீடியோவைக் காட்டுங்கள். முட்டையை உடையாமல் தூக்கும் காட்சி கட்டாயம் இருக்கும். உங்கள் தொழிற்சாலையில் முட்டை தூக்கும் வேலை இல்லை என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். கூலண்டும் இரும்புத் தூளும் பறக்கும் இடத்தில் சார்ஜ் போட்டு ஓடும் விரல்கள் எத்தனை நாள் தாங்கும் என்பதும் அடுத்த நிதியாண்டின் கேள்வி.

முக்கியமாக, கொக்கியைப் பற்றி யாரும் பேச விடாதீர்கள். அமெரிக்காவில் டி. டபிள்யூ. டோரன்ஸ் என்பவர் 1909-இல் மரம் அறுக்கும் மில்லில் வலக்கையை இழந்தார். அப்போது கிடைத்த செயற்கைக் கைகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. தோளை அசைத்தால் திறக்கும், ரப்பர் வளையத்தின் இழுப்பில் மூடிக்கொள்ளும் இரட்டைக் கொக்கியைத் தானே வடிவமைத்து 1912-இல் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷம் தாண்டியும் உடல் உழைப்பு வேலைக்குப் போகிறவர்கள் அதன் வம்சாவளியைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கருவியை வடிவமைத்தவரே கை இழந்த தொழிலாளி. இந்த மாதிரிக் கதைகள் பரவினால் முதல் விதி என்ன ஆகும்?

5. அவர் தானாகச் செய்துகொண்டதை உடனே அகற்றுங்கள்

வேலைக்கு வந்த சில நாள்களில் ஓர் அசம்பாவிதம் நடக்கும். அவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அரத்தின் கைப்பிடியில் சுற்றியிருப்பார். பிடி தடிமனாகிவிட்டதால் மிச்சமிருக்கும் விரல்களிலேயே அரம் நிற்கும், நழுவாது. டார்க் ரெஞ்சுக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் அதேபோல் சுற்றியிருப்பார். பக்கத்து பெஞ்சில் முழங்கை வலிக்காரர் ஒருவர் "எனக்கும் ஒண்ணு சுத்திக் குடுண்ணே" என்று கேட்டிருப்பார். நோய் பரவத் தொடங்கிவிட்டது.

தாமதிக்காதீர்கள். 5எஸ் ஆடிட் நடத்துங்கள். சைக்கிள் டியூப் அனுமதிக்கப்பட்ட பொருள்கள் பட்டியலில் இல்லை. ரெட் டேக் போட்டு எடுத்துவிடுங்கள். பிறகு அதே வேலையைச் செய்யும் பொருளை முறைப்படி வாங்குங்கள்: மூன்று கொட்டேஷன், தொழில்நுட்ப ஒப்பீடு, விலைப் பேரம், எல்லாரையும்விட விலை குறைத்துச் சொன்ன எல்-1. ஒரே அளவில் வரும் நுரைப் பிடி. அதன் துளை உங்கள் அரத்தின் கைப்பிடியைவிடப் பெரிது. குறைந்தது நூறு எடுத்தால்தான் சப்ளை என்பார்கள், எடுங்கள். தொண்ணூற்றொன்பது ஸ்டோர்ஸில் இருக்கட்டும். இந்த வேகத்தில் உற்பத்தி போனால் சீக்கிரமே தேவைப்படும்.

6. விபத்து நடந்த பிரஸ்ஸுக்கு விளக்குப் போடுங்கள்

இந்தப் படி கொஞ்சம் நீளம். உட்காருங்கள்.

பிரஸ்ஸில் இரு கை பட்டன் இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேலே இருந்தால் டைக்குள் எந்தக் கையும் இருக்க முடியாது என்பது ஏற்பாடு. உங்கள் ஆள் இழந்தது இரண்டு விரல்தான், உள்ளங்கையால் இன்னமும் தாராளமாக அழுத்துவார். அப்படியானால் விரல் எப்படி உள்ளே போனது? ஒரு பட்டனை யாரோ துணியை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் பாகம் போட்டு ஒரு கையால் அடித்தால் மணிக்கு எவ்வளவோ கூடுதலாக வரும். யார் கட்டியது என்று விசாரிக்காதீர்கள். மாத இலக்கு எழுதிய போர்டு பக்கத்திலேயே தொங்குகிறது, அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

ஆகவே பேச்சைத் தொழில்நுட்பத்துக்குத் திருப்புங்கள். லைட் கர்ட்டன் வாங்குங்கள். டைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்த் திரை, கை குறுக்கே வந்தால் பிரஸ் நின்றுவிடும். நல்ல கருவி. ஃப்ரிக்ஷன் கிளட்ச் வைத்த பிரஸ் என்றால் பாதி வழியில் ராம் நிற்கும், விரலும் நிற்கும்.

உங்களிடம் இருப்பது பழைய பின் கிளட்ச் பிரஸ் என்பதை நான் அறிவேன். கிளட்ச் ஒரு தடவை பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை அதை எந்தக் கருவியாலும் நடுவில் நிறுத்த முடியாது. திரை கையைப் பார்க்கும், மின்னணு அட்டை "நில்" என்று சொல்லும், ராம் தன்பாட்டுக்கு இறங்கும். வாங்குங்கள். பச்சை விளக்கு எரிவதை ஆடிட்டர் படம் எடுத்துக்கொண்டு போவார். கம்பி வலை அடித்துக் கை நுழையவே வழியில்லாமல் மறைப்பது, பாகம் சறுக்கி உள்ளே போகும்படி தகரச் சரிவு வைப்பது, காந்தக் குச்சியால் எடுத்து வைப்பது போன்ற பட்டிக்காட்டு யோசனைகளில் விளக்கு எதுவும் எரியாது.

இந்தப் பட்டியலில் உள்ள கருவிகளில் பாதி, விபத்துக்கு முன்னால் வாங்கியிருந்தால் ஊனமுற்றவருக்கான கருவி என்ற பெயரே பெற்றிருக்காது. இதை மினிட்ஸில் எழுதாதீர்கள்.

7. முதுகு என்றால் பெல்ட்

லோடிங்கில் முதுகு பிடித்துக்கொண்டவர் திரும்பி வருகிறாரா? அதிகம் யோசிக்க வேண்டாம். எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிவிடுங்கள். பெல்ட் முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பிறகு கடை ஊழியர்கள் சுமார் 9,000 பேரை வைத்து நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்விலும், பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நமக்கு அதெல்லாம் எதற்கு? பெல்ட் மலிவு. வெளியே தெரியும். கம்பெனி முத்திரை குத்த இடமும் இருக்கிறது.

அதே நியோஷின் 1991-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எல்லாம் சாதகமாக அமைந்தால்கூடத் தூக்கத்தக்க எடை 23 கிலோ. தரையிலிருந்து தூக்கினாலோ உடம்பைத் திருப்பித் தூக்கினாலோ அதுவும் இறங்கிவிடும். உங்களுடைய மூட்டை 50 கிலோ, இருக்கும் இடம் தரை. நாலு பேலட்டை அடுக்கி மூட்டையை இடுப்பு உயரத்தில் வைத்தால் குனியும் வேலையே போய்விடும். ஆனால் பேலட்கள் எல்லாம் வெயிலில் கிடந்து உளுத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

8. கால், சக்கர நாற்காலி, உபயம்

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஊனம் என்றாலே சக்கர நாற்காலிதான். காது போனவருக்கும் அதையே கொடுத்துவிடலாமா என்று ஃபைனான்ஸில் ஒருவர் கேட்டதாகக் கேள்வி.

வாங்கும்போது அவருடைய இடுப்பை அளக்காதீர்கள். கைப்பிடி கழற்ற முடியாததாக இருக்கட்டும். அப்போதுதான் மேசைக்கடியில் நுழையாமல் இடித்து நிற்கும், அவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து எக்கி எக்கி எழுதுவார். மெத்தை வேண்டாம், அழுக்காகும். தண்டுவடம் அடிபட்டவருக்குக் கீழே உணர்ச்சி இருக்காது என்பதால் அழுத்தப் புண் வருவதே தெரியாமல் வந்துவிடும், மெத்தை ஆடம்பரப் பொருள் அல்ல என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். குறித்துக்கொள்வதுபோல் தலையாட்டுங்கள். முதுகுச் சாய்மானத்தில் "உபயம்: நிர்வாகம்" என்று பெரிய எழுத்தில் எழுதுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சத்தையே மறைத்த பரம்பரை நாம்.

சாய்தளம்: ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. உங்கள் அலுவலக வாசலில் ஆறு இஞ்ச் படி மூன்று. பதினெட்டு அடி நீட்டினால் எம்.டி. காரை எங்கே நிறுத்துவார்? ஆறு அடியில் முடித்துவிடுங்கள். மேலே ஏற்ற இரண்டு பேர், கீழே இறங்கும்போது பிடிக்க நாலு பேர். குழு உணர்வு வளரும்.

ஊன்றுகோல் கொடுத்தால் அடிபட்ட கால் பக்கமே பிடிக்கச் சொல்லுங்கள். எதிர்க்கையில் பிடித்தால்தான் பாரம் குறையும் என்பது உண்மை, ஆனால் பார்க்க ஏறுமாறாக இருக்கும்.

செயற்கைக் கால் என்றால் ஜெய்ப்பூர் கால் தெரியாதவர் இல்லை. 1968 வாக்கில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து செய்தது. வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம், குத்த வைக்கலாம். தரையில் உட்கார்ந்து பழகிய ஊரில் காலுக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு காலைச் செய்தார்கள். நீங்கள் அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் கால் பொருத்திக்கொண்டு வரட்டும். வந்தபின் சேஃப்டி ஷூ கொடுங்கள். செயற்கைக் காலைச் சரிபார்க்கும்போது போடும் காலணியின் குதி உயரத்துக்குத்தான் அதன் நிலையை அமைப்பார்கள், உயரம் மாறினால் உடம்பே முன்னால் தள்ளும் அல்லது பின்னால் சாயும். ஷூவை முதலிலேயே கொடுத்து அனுப்பியிருந்தால் அதற்கேற்ப அமைத்திருப்பார்கள். ஸ்டோர்ஸில் ஷூ கொடுக்க ஐந்து கையெழுத்து வேண்டுமே, என்ன செய்வது?

யாராவது வேலூர்க் கதையை எடுத்தால் உடனே கூட்டத்தை முடித்துவிடுங்கள். டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். மருத்துவர் பால் பிராண்டின் குழுவில் சேர்ந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவை சிகிச்சை உட்கார்ந்து செய்யக்கூடியது என்பதுதான் சூட்சுமம். 1966-இல் வேலூரில் அவர் முயற்சியில் மறுவாழ்வு மையமே வந்துவிட்டது. அவருக்கு யாரும் லைட் டியூட்டி கொடுத்துக் கேஸ் ஷீட் அடுக்கச் சொல்லவில்லை. நம் கம்பெனிக் கலாசாரத்துக்கு இது ஒத்துவராது.

9. ஒரு கண் போனவர்

அவருடைய பார்வை இல்லாத பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் பாதை வரும்படி பெஞ்சைப் போடுங்கள். திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் சுவர் வந்துவிடும், சுவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கு ஹார்ன் வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே இரைச்சலில் யாருக்கும் கேட்காது, இருந்தாலும் கருவி வாங்கியதாகக் கணக்கு இருக்கும்.

ஆபீஸ் வேலையில் பார்வை மங்கியவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் தேவைப்பட்டால், என்விடிஏ என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது. இலவசம் என்பதாலேயே அதற்கு ஐ.டி. துறை அனுமதி கிடைக்காது.

10. முதல் நாள் ஏற்பாடுகள்

கருவிகள் வந்தாயிற்று. பூங்கொத்து, கேக், பேனர், புகைப்படக்காரர் தயார். பயிற்சி மட்டும் வைக்காதீர்கள். கருவியைக் கொடுத்துவிட்டால் போதும், எப்படிப் போடுவது என்று பெட்டிக்குள் சீன மொழியில் படத்தோடு இருக்கிறது.

அடுத்து, பயோமெட்ரிக். வருகைப்பதிவு மிஷினில் அவர் பதிந்திருந்தது வலது சுட்டுவிரல். அந்த விரல் இப்போது அவரிடம் இல்லை. மிஷின் "மீண்டும் முயற்சிக்கவும்" என்று பணிவாகச் சொல்லும். அவர் வேறு விரலை வைப்பார், மிஷின் மறுபடியும் அதையே சொல்லும். டைம் ஆபீஸில் போய்ச் சொன்னால், "மறுபதிவுக்கு ஹெட் ஆபீஸ்ல டிக்கெட் போடணும்ண்ணே, போட்டிருக்கேன்" என்பார்கள். டிக்கெட் தீரும்வரை சம்பளம் இல்லாத விடுப்பு. அவர் தினமும் எட்டு மணி நேரம் கம்பெனிக்குள் இருப்பதற்கு நூறு சாட்சி உண்டு. சிஸ்டத்தில் இல்லை.

இடது கைப் பெருவிரலை வைத்து ஒரே நிமிஷத்தில் பதிந்துகொடுக்க முடியும். டிக்கெட் எண் வரட்டும்.

11. பாலிசி எழுதுங்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் 2017 விதிகளும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் சம வாய்ப்புக் கொள்கை கேட்கின்றன. தனியார் நிறுவனமானாலும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடும் தொடர்பு அலுவலர் நியமனமும் அதில் இடம்பெற வேண்டும். இணையத்தில் தயாராகக் கிடைக்கிறது. இறக்கி, மேலே உங்கள் முத்திரையைப் போடுங்கள். நான்காம் பக்கத்தில் பழைய கம்பெனியின் பெயர் அப்படியே இருக்கும், விட்டுவிடுங்கள், யாரும் நான்காம் பக்கம் போவதில்லை. தொடர்பு அலுவலராக வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள்.

அரசு நிறுவனம் என்றால் கொஞ்சம் சிரமம். பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வெளியே அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், பணி இல்லை என்றால் கூடுதல் பணியிடமே உருவாக்க வேண்டும். இப்படிச் சட்டம் கைகால்களைக் கட்டிப்போட்டால், அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து வேலை எதுவும் கொடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் சும்மா உட்காரவைப்பதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, செலவும் மிச்சம்.

12. அவர் போன பிறகு

மேற்கண்டவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் சில மாதங்களில் அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். காரணம் என்ற கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று எச்.ஆர். நிரப்பித் தரட்டும், பேனா பிடிக்க அவருக்குச் சிரமம்.

நோ டியூஸ் படிவம் கொடுங்கள். சிலிக்கான் விரல் இரண்டு, நுரைப் பிடி ஒன்று, பெல்ட் ஒன்று, கையுறை ஒரு ஜோடி. எல்லாவற்றிலும் அசெட் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களைத் திருப்பி வாங்குவதில் தயக்கம் காட்டாதீர்கள், கம்பெனிச் சொத்து. வேறு யாருக்கும் பொருந்தாது என்று ஸ்டோர்ஸ்காரர் சொன்னால், "பயன்படுத்தத்தக்க நிலை" என்று ரிஜிஸ்டரில் எழுதி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். ஆடிட் முடிந்தால் டிஸ்போசலுக்குப் போடலாம்.

கையுறையில் ஒன்றுதான் திரும்பி வந்தது என்றால் ஒன்றுக்கான தொகையைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸுக்கு அன்று பிற்பகல் ஷிப்டிலேயே கான்ட்ராக்டில் ஒரு பையன் வருகிறான், இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. துணி எங்கே இருக்கிறது என்று சூப்பர்வைசருக்குத் தெரியும்.